வெள்ளை அணு குறைந்தால்...

(ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் டாக்டர் இல்லை, குழுவில் கணக்கு எழுதுறவ. என் வீட்டில் நடந்ததைச் சொன்னா நாலு பேருக்கு உதவும்னுதான் பேச வந்தேன்.

2017-இல் தமிழ்நாடு முழுக்க டெங்கு பரவியபோது என் மகளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. மூணு நாள் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். நாலாவது நாள் ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு 2,400. பெரியவங்களுக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்கணும். சீட்டைப் பார்த்த ஒருத்தர் ‘ரத்தப் புற்றுநோயா இருக்குமோ’ன்னுட்டார். அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் விளக்கினாங்க. எலும்பு மஜ்ஜைதான் வெள்ளை அணுவை உண்டாக்குது. டெங்கு மாதிரி வைரஸ் காய்ச்சலில் அது கொஞ்ச நாள் மந்தமாகும். காய்ச்சல் தணிஞ்ச பிறகு அணு தானா ஏறும். டைபாய்டிலும் குறையும். பி12, ஃபோலிக் அமிலச் சத்து குறைஞ்சாலும், லூபஸ் மாதிரி நோயிலும், புற்றுநோய் சிகிச்சையிலும் குறையலாம். புற்றுநோயும் ஒரு காரணம்தான். அது மட்டுமே காரணம் இல்லை.

நான் கொடுத்த வலி மாத்திரைக்கு நல்லாத் திட்டினாங்க. டெங்குவில் சில வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டுமாம். காய்ச்சல் விடுற நேரத்தில்தான் ஆபத்து அதிகம். வயித்துவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு தெரிஞ்சா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். கடவுள் புண்ணியத்தில் என் மகள் பிழைச்சா.

இன்னொண்ணு. தைராய்டு அதிகமாச் சுரக்குறவங்க சாப்பிடுற கார்பிமசோல் மாத்திரை, அபூர்வமா வெள்ளை அணுவை அடியோடு குறைச்சிடும். அதைச் சாப்பிடுறவங்களுக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தா, அன்னிக்கே டாக்டரைப் பார்த்து ரத்தம் சோதிக்கணும். சுரப்பு குறைவுக்குச் சாப்பிடுற மாத்திரைக்கு இந்தப் பயம் வேண்டாம்.

திண்டுக்கல்லில் குழாய்த் தண்ணி தினமும் வராது. டிரம், தொட்டி எல்லாத்திலும் பிடிச்சு வைக்கிறோம். டெங்கு கொசு அந்த நல்ல தண்ணியில்தான் வளருது. முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கும். தண்ணியைக் கொட்டினா மட்டும் போகாது. அதனால வாரம் ஒருநாள் தேய்ச்சுக் கழுவி, இறுக்க மூடி வைப்போம்.

கடன் வசூலுக்கு வீடு வீடாப் போறோமே, போகும்போது அந்த டிரம்மையும் ஒரு பார்வை பார்த்துட்டு வருவோம்.