அம்மாவிடம் சொல்லலாமா?



பொய்ச்சான்று சொல்லாதே என்பது கட்டளை. புதுநன்மைக்குத் தயாராகும் பிள்ளைகள் அதை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அவர்களுடைய பெற்றோர், பாட்டியை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு எங்களைத் தேடி வரும்போது கேட்பது வேறு: "ஃபாதர், வந்து ஜெபம் பண்ணுங்க. ஆனா என்ன வியாதின்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. உடைஞ்சு போயிடுவாங்க."

புனித அகுஸ்தினார் இதில் மிகக் கண்டிப்பானவர். பார்வோனிடம் பொய் சொல்லி எபிரேயக் குழந்தைகளைக் காப்பாற்றிய மருத்துவப் பெண்களைக் கடவுள் ஆசீர்வதித்தாரே என்றால், அது அவர்களுடைய இரக்கத்துக்காக, பொய்க்காக அல்ல என்பார். மயிலாப்பூர்க்காரர் என்று நாம் சொந்தம் கொண்டாடும் வள்ளுவர், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யையும் மெய்யோடு சேர்க்கிறார். (அறத்துப்பாலை இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் இந்த இடத்தில் என்ன நினைத்திருப்பாரோ!) ஆனால் அடுத்த குறளை விட்டுவிடக்கூடாது. தெரிந்தே பொய் சொன்னவனை அவன் மனமே வாட்டும் என்கிறார்.

குற்றமற்ற நன்மை என்றால் யாருக்கு? இங்கேதான் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். அம்மா அழுவதைப் பார்க்க நமக்குத் தைரியம் இல்லை, அதனால் மறைக்கிறோம். பல வருடம் பேசாத தம்பியைக் கூப்பிட்டு அனுப்ப வேண்டும், மகளுக்கு வளையலைத் தன் கையால் கொடுக்க வேண்டும், நல்ல பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று அவருக்கும் இருக்கும். அதற்கான நாட்களை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். பல நேரம் அவருக்கு விஷயம் தெரிந்தே இருக்கும். கீமோவில் முடி கொட்டும்போது யாருக்குத்தான் புரியாது? பிள்ளைகளுக்காக அவரும் நடிக்கிறார்.

அதற்காகப் போய்ப் போட்டு உடைப்பதா? அதுவும் அல்ல. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் பொய்யைக் கண்டிக்கிறது. அதே நூல், உண்மையை அறிய உரிமை இல்லாதவரிடம் அதைச் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை என்கிறது; பிறர் நலனுக்காக மௌனம் காக்கவும் இடம் தருகிறது. ஆனால் தன் உடம்பைப் பற்றி அறிய அம்மாவைவிட உரிமை யாருக்கு?

ஆகவே குடும்பத்தாரிடம் நான் சொல்வது இது: நானாகச் சொல்ல மாட்டேன், அவர் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன். முதலில் அவரிடமே கேளுங்கள். "டாக்டர் சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரியணுமாம்மா, இல்ல நாங்களே பாத்துக்கட்டுமா?" சிலர், "நீங்களே பாத்துக்கோங்க" என்பார்கள். அதை மதிக்க வேண்டும். சிலர் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு நாள்?" என்பார்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குப் பொருந்திய பதில் இவருக்குப் பொருந்தாது. இதை எந்தக் கட்டளையும் முன்கூட்டியே எழுதி வைக்க முடியாது. அருகில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. குருவானவர் வந்தால் அம்மா பயந்துவிடுவார் என்று கடைசி மூச்சுவரை எங்களைக் கூப்பிடாமலே இருக்கிறீர்கள். 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பெயர் விட்டுச்சென்ற பயம் அது. நோயில்பூசுதல் என்பதே பொருத்தமான பெயர், அது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே சொல்லிவிட்டது. ஆபரேஷனுக்கு முன்பே கூப்பிடுங்கள். நினைவு தெளிவாக இருக்கும்போது அவரே தன் வாயால் "ஆமென்" சொல்லட்டும்.