பாஷாணமும் முதல் உதவியும்



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் பாஷாணம். இது வைத்தியர்கள் பேச வேண்டிய சங்கதியல்லவா, கூட்டத்தில் இதற்கென்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் விஷம் உடம்பில் சேர்ந்த வேளையில் வைத்தியர் பக்கத்தில் இருப்பதில்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நீங்கள் செய்வதையும், செய்யாமல் விடுவதையும் பொறுத்தே பல சமயங்களில் உயிர் நிற்பதும் போவதும் இருக்கிறது.

வெள்ளைப் பாஷாணம், மஞ்சள் நிறமான அரிதாரம் என்னும் தாளகம், சிவந்த மனோசிலை ஆகிய மூன்றும் ஆர்சனிக் என்ற ஒரே மூலப்பொருள் சேர்ந்தவை. கூத்தாடிகள் முகத்தில் பூசிவந்த அரிதாரம் இதுவேதான். இன்று வேஷக்காரர்கள் வேறு சாயம் பூசுகிறார்கள். பேச்சில் மாத்திரம் பழைய பெயர் நிற்கிறது. இவற்றில் மிகக் கொடியது வெள்ளைப் பாஷாணம்.

அதன் கொடுமை எதில் இருக்கிறதென்றால், அது விஷம் போலவே இராது. பார்வைக்கு மாவு, சர்க்கரை போலிருக்கும், வாசனை கிடையாது, ருசியும் அநேகமாய்த் தெரியாது. 1858-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்னும் ஊரில், மிட்டாயில் கலப்படம் செய்ய வாங்கின மலிவான வெள்ளைத் தூளுக்குப் பதிலாக, மருந்துக் கடையில் தவறிப் பாஷாணத்தை அள்ளிக் கொடுத்து விட்டார்கள். அந்த மிட்டாயைத் தின்றவர்களில் சுமார் 20 பேர் மாண்டார்கள். சுமார் 200 பேர் நோயில் விழுந்தார்கள். பீப்பாயின்மேல் பெயர் சரியாக எழுதாததற்கு ஊர் கொடுத்த விலை இது! 1955-ல் ஜப்பானில் குழந்தைகளுக்கான பால்மாவில் ஆர்சனிக் கலந்துவிட்டதால் 12,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டு, 100-க்கு மேல் இறந்து போயின. ஆகவே எந்த விஷத்தையும் மளிகைச் சாமானோடு வைக்காதீர்கள். வேறு டப்பாவில் மாற்றாதீர்கள். பெயர் எழுதிப் பூட்டி வையுங்கள். பாஷாணம் சேர்ந்த மருந்தை யாரோ சொன்னாரென்று வாங்கித் தின்னாதீர்கள்.

அதிகமாக உள்ளே போனால் தொண்டையும் வயிறும் எரியும். அடங்காத வாந்தி, அரிசி கழுவின நீர் போன்ற பேதி, கெண்டைக்கால் இழுப்பு, பெருந்தாகம் இவையெல்லாம் வரும். காலராவைப் போலவே இருப்பதால் முற்காலத்தில் எத்தனையோ கொலைகள் வாந்திபேதிக் கணக்கில் மறைந்தன. 1836-ல் மார்ஷ் என்ற இங்கிலாந்து ரசாயனக்காரர் ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்கும் சோதனையை வெளியிட்ட பிறகே, கோர்ட்டில் இதை ருசுப்படுத்துவது சுலபமாயிற்று.

சரி, ஒருவர் விஷத்தை விழுங்கிவிட்டார். நம்மவர்கள் உடனே என்ன செய்கிறார்கள்? சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுகிறார்கள். உப்புத் தண்ணீர் கொடுக்கிறார்கள். தொண்டையில் விரலை விடுகிறார்கள். இன்னுஞ் சிலர் மந்திரிக்க ஆள் தேடி ஓடுகிறார்கள். மந்திரத்தால் வயிற்றிலுள்ள விஷம் போகாது, போவது நேரந்தான். வாந்தி எடுக்க வைப்பதோ அதைவிட அபாயம். மயக்கத்திலிருப்பவனுக்கு அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். உப்பு அதிகமானால் அதுவே இன்னொரு விஷம். பால், மோர், முட்டை வெள்ளை எதுவும் வைத்தியர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவே. முதலாவது, 108-க்குச் சொல்லுங்கள். வண்டி தாமதமானால் கிடைத்த வண்டியில் ஏற்றுங்கள். இரண்டாவது, வாயைத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். மூன்றாவது, வாந்தி எடுத்தாலும் மயங்கினாலும் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நான்காவது, மூச்சு நின்று போனால் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள். வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள், அவர் வாயிலுள்ள விஷம் உங்களுக்கும் வரும். ஐந்தாவது, விஷப் பொட்டலத்தையோ டப்பாவையோ கூடவே எடுத்துச் செல்லுங்கள். எலிப் பாஷாணம் என்ற ஒரே பேச்சில் பாஸ்பரஸும் உண்டு, வேறு விஷங்களும் உண்டு. எது என்று தெரிந்தால்தான் வைத்தியர் தக்க மருந்து கொடுக்க முடியும்.

தூள் மேலே பட்டிருந்தால், கையில் உறை மாட்டிக்கொண்டு துணிகளைக் களைந்து, சோப்புப் போட்டுத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிஷத்துக்குக் குறையாமல் சுத்தமான நீரை விட்டுக் கழுவுங்கள். தூளைச் சுவாசித்தவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள்.

இதற்கு மாற்று மருந்து உண்டு. இரண்டாவது உலக யுத்த காலத்தில் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள் ஆர்சனிக் கலந்த யுத்த விஷத்துக்கு எதிராகக் கண்டுபிடித்த டைமர்காப்ரால் அத்தகையது. இது ஆஸ்பத்திரியில் ஊசி மூலம் கொடுக்கப்படுவது. சீக்கிரம் கொடுத்தால் பலன் அதிகம். வாந்தி நின்று விட்டதே என்று வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். இருதயத்தின் ஓட்டம் பிறகும் கெடலாம். சில வாரங்களில் கைகால் மரத்துப் போகலாம்.

கடைசியாக ஒரு சங்கதி. தற்கொலைக்கு முயன்றவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் வருமே, ஊர் சிரிக்குமே என்று மறைத்து வைத்துச் சாகவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. மானம் போகுமென்று மகளைப் போகவிடுவது என்ன மானம்? போலீஸ் சடங்குக்குக் காத்திராமல் முதலில் உயிரைக் காப்பாற்றுவதே வைத்தியர் கடமையென்று சுப்ரீம் கோர்ட் 1989-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன வேதனையில் இருந்தவராகவே கருத வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அப்படியிருக்கப் பயம் எதற்கு?

ஆகவே தோழர்களே! சாணிச் சட்டியைத் தேடாதீர்கள், மந்திரக்காரனைத் தேடாதீர்கள், ஊர் வாய்க்கு அஞ்சாதீர்கள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இதை இன்றிரவே உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம்.