பட்டத்திற்குப் பின் ஒரே ஒரு வாயில்



தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையின் மேற்படிப்பு ஒருவர் மட்டும் எடுக்கும் முடிவன்று. தந்தையின் சேமிப்பும், தாயின் நகையும், சில வேளை ஊரிலுள்ள நிலமும் அம்முடிவில் பங்கு கொள்கின்றன. கடல் கடந்த படிப்பாயின் வங்கிக் கடனும் சேர்ந்துகொள்கிறது. அக்கடனை எவ்வாறு அடைப்பது என்று கேட்டால், "படித்து முடித்ததும் அங்கேயே சில ஆண்டுகள் வேலை பார்த்து அடைத்துவிடலாம்" என்பதே பெரும்பாலும் விடை. அந்த வேலைக்கு வழிவிடும் அனுமதி யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமற் போகிறது என்பதைக் கனடா நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

கனடாவில் படித்து முடித்த அயல்நாட்டு மாணவர்க்கு வழங்கப்படும் பணி அனுமதியை ஆங்கிலச் சுருக்கத்தால் பி.ஜி.டபிள்யூ.பி. என்பர். முன்னாளில் படித்த துறையிலேயே வேலை உறுதியாகியிருந்தால்தான் இது கிடைக்கும். 2008 ஏப்ரலில் அக்கட்டுப்பாடு நீங்கிற்று. அதன்பின், எந்த நிறுவனத்திலும் பணியாற்றத்தக்க திறந்த அனுமதியாக அது மாறியது. உச்சக் காலம் 3 ஆண்டுகள் ஆயிற்று.

காலக் கணக்கு எளியது. 8 மாதத்திற்குக் குறைந்த படிப்புக்கு அனுமதி இல்லை. 8 மாதம் முதல் 2 ஆண்டுக்கு உட்பட்ட படிப்புக்கு, படிப்புக் காலம் எவ்வளவோ அவ்வளவே அனுமதிக் காலம். 2 ஆண்டும் அதற்கு மேலுமாயின் 3 ஆண்டுகள். 2024 பிப்ரவரி 15 முதல், முதுகலைப் படிப்பு 2 ஆண்டுக்குக் குறைந்திருந்தாலும் 3 ஆண்டு அனுமதி பெறலாம்.

இங்கே மனத்தில் பதிக்க வேண்டியது ஒன்றுண்டு. இவ்வனுமதி வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே வழங்கப்படும். ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பை முடித்து, அவசரப்பட்டு அனுமதி வாங்கிவிட்ட மாணவர், பின்னர் முதுகலைப் பட்டமே பெற்றாலும் மீண்டும் அதனைப் பெற இயலாது. பொறுத்திருந்து இரண்டு படிப்புகளையும் முடித்துக் கேட்பவர்க்கோ, தகுதியுள்ள அவ்விரண்டின் காலமும் சேர்த்துக் கணக்கிடப்படும்.

2024-ஆம் ஆண்டு கனடிய அரசு விதிகளை இறுக்கியது. மாணவர் தம் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக உயர்ந்தது; பின்னர் மேலும் உயர்ந்துள்ளது. அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தை உரிமம் பெற்று நடத்தும் தனியார் கல்லூரிகளில் அவ்வாண்டு மே 15 முதல் புதிதாகச் சேர்ந்தோர்க்குப் பணி அனுமதி இல்லை என்றாயிற்று. நவம்பர் 1 முதல் மொழித்தேர்வு கட்டாயமாயிற்று. பல்கலைக்கழகப் பட்டதாரிக்குக் கனடிய மொழித்திறன் அளவுகோலில் 7-ஆம் நிலையும், கல்லூரிப் பட்டயம் பெற்றவர்க்கு 5-ஆம் நிலையும் வேண்டும். அன்று முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துப் பட்டயம், சான்றிதழ் முதலிய படிப்புகளில் சேர்வோர், அரசு வெளியிட்ட பட்டியலிலுள்ள துறையில் படித்திருத்தலும் வேண்டும். மருத்துவப் பணி, வேளாண்மை, அறிவியல் தொழில்நுட்பம், கைத்தொழில், போக்குவரத்து முதலியன அப்பட்டியலில் உள்ளன. இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டங்களுக்கு இத்துறைக் கட்டுப்பாடு இல்லை.

இவற்றுள் பெற்றோர் பெரிதும் ஏமாறும் இடம் கல்லூரித் தேர்வேயாகும். அயல்நாட்டு மாணவரைச் சேர்க்க அரசின் ஒப்புதல் பெற்ற கல்லூரி என்று முகவர் கூறுவது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் மாணவரைச் சேர்க்கும் ஒப்புதல் வேறு. பணி அனுமதிக்குரிய தகுதி வேறு. ஒப்புதல் பெற்ற கல்லூரிகள் அனைத்தும் இரண்டாவதைப் பெற்றவையல்ல. கனடிய குடிவரவுத் துறையின் இணையதளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் பெயருக்கு நேராகவும் இது குறிக்கப்பட்டுள்ளது. முன்பணம் கட்டுவதற்கு முன் அதனைப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். பார்க்காமற் விட்டால், இரண்டாண்டு உழைப்பும் கட்டிய பணமும் வெறும் சான்றிதழாகவே எஞ்சும்.

படிக்கும் காலத்திலும் விழிப்பு வேண்டும். இறுதிப் பருவம் நீங்கலாக ஏனைய பருவங்களில் முழுநேர மாணவராகவே இருத்தல் வேண்டும். பகுதிநேர வேலையில் மூழ்கிப் பாடங்களைக் குறைத்துக்கொள்வோர் இங்கேதான் தகுதி இழக்கின்றனர். படிப்பு முடிந்ததாகக் கல்லூரி அறிவித்த நாளிலிருந்து 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எனினும் படிப்பு அனுமதி முடியுமுன்பே விண்ணப்பிப்பது நலம். அவ்வாறு செய்தோர், தகுதியுடையவராயின், முடிவு வரும்வரை முழுநேரம் பணியாற்றலாம். கடவுச்சீட்டு 14 மாதத்தில் காலாவதியாகுமெனில், பணி அனுமதியும் 14 மாதத்துக்கே தரப்படும். அதனைப் புதுப்பித்த பின் எஞ்சிய காலத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். மொழித்தேர்விலும் ஒரு நுட்பம் உண்டு. கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதிய ஐ.ஈ.எல்.டி.எஸ். அகாடமிக் தேர்வு இதற்குச் செல்லாது. ஜெனரல் டிரெயினிங் என்னும் பிரிவையே எழுத வேண்டும். முடிவுகள் 2 ஆண்டுக்கே செல்லும்.

பணி அனுமதியே நிரந்தர வசிப்புரிமை ஆகிவிடாது. அவ்வுரிமையை நாடும் பட்டதாரிகளுள் பலர் கனடிய அனுபவப் பிரிவின்வழி விண்ணப்பிக்கின்றனர். அதற்கு ஓராண்டுத் திறன்சார் பணி அனுபவம் தேவை. திறந்த அனுமதி எவ்வேலைக்கும் இடம் தருகிறது. ஆனால் எல்லா வேலையும் கணக்கில் சேர்வதில்லை. கடையில் காசாளராக மூன்றாண்டு உழைத்தாலும் அது திறன்சார் பணியாகக் கொள்ளப்படாது. முழுநேரம் படித்துக்கொண்டே செய்த வேலையும் சேராது. தகுதி பெற்ற பின்னும் மதிப்பெண் வரிசையில் முன்னிற்போரே அழைக்கப்படுவர். எனவே அனுமதி கைக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே படித்த துறையில் வேலை தேடுதல் அறிவுடைமை.

பெற்றோரே, பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்புவது தவறன்று. வாங்கும் நிலத்திற்கு வில்லங்கம் பார்ப்பது போலக் கல்லூரிக்கும் பாருங்கள். முகவரின் சொல்லை மட்டும் நம்பாமல், விதிகளை அரசின் பக்கத்திலேயே பிள்ளையோடு அமர்ந்து படியுங்கள். அவை மாறிக்கொண்டே இருப்பவை. பணி அனுமதி கிடைக்காவிடினும் கடனை அடைக்க இயலுமா என்று ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். இயலாதெனில் கடனின் அளவைக் குறையுங்கள்.

இளைஞர்களே, அங்கே இடர் நேர்ந்தால் வீட்டாரிடம் மறைக்காதீர். பாடத்தில் தோற்றதை மறைத்து, பருவத்தைக் கடத்தி, நாள் கடந்தபின் சொன்னால் உதவ விரும்புவோர்க்கும் வழியிராது. காலத்தில் சொன்ன உண்மைக்குப் பெரும்பாலும் ஒரு தீர்வு உண்டு.