அபவாதம் என்னும் கள்வன்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மர்மக் கதை என்றதும் நம் பிள்ளைகள் ஷெர்லாக் ஹோம்ஸை நினைக்கின்றனர். 1892-இல் கானன் டாயில் எழுதிய ‘காப்பர் பீச்சஸ்’ என்னும் கதையில், இரயிலில் செல்லும் ஹோம்ஸ் நாட்டுப்புறத்து வீடுகளைக் கண்டு அஞ்சுகிறார். தனித்துக் கிடக்கும் அவ்வீடுகளில் கொடுமை நிகழ்ந்தால் கேட்பார் யார் என்பதே அவர் கவலை.

அதற்கு அடுத்த ஆண்டு, வத்தலக்குண்டில் பிறந்த ஓர் இளைஞர் தம் முதல் நாவலைத் தொடங்கினார். அவரே இராஜம் ஐயர். 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் வெளிவந்து, 1896-இல் நூலாயிற்று ‘கமலாம்பாள் சரித்திரம்’. ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்பது அதன் மற்றொரு பெயர். அதே ஆண்டு அவர் ‘பிரபுத்த பாரத’ என்னும் ஆங்கில இதழின் ஆசிரியரானார். 1898-இல், இருபத்தாறாம் வயதில் மறைந்தார். தமிழில் அவர் எழுதிய முதல் நாவலே கடைசி நாவலும் ஆயிற்று.

இதனை மர்ம நாவல் என எவரும் வகைப்படுத்துவதில்லை. எனினும் மர்மக் கதைக்குரியன யாவும் இதில் உள. மதுரைச் சீமையின் சிறுகுளம் என்னும் சிற்றூர். பேயாண்டித் தேவன் என்னும் கள்வன். காணாமற் போகும் ஒரு குழந்தை. ஆயினும் பெருங்கொள்ளை இவற்றுள் ஒன்றன்று. கமலாம்பாளின் நற்பெயரே கொள்ளை போகிறது. ஊரார் சொல் கேட்டு ஐயுற்ற கணவர் முத்துஸ்வாமி ஐயர், இல்லறம் துறந்து வெளியேறுகிறார்.

ஹோம்ஸ் அஞ்சியது கேட்பாரற்ற நாட்டுப்புறத்தை. இராஜம் ஐயர் காட்டியதோ எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும் கிராமத்தை! அங்கு வம்பு பேசும் பெண்களின் கூட்டத்திற்கு ‘வம்பர் மகாசபை’ என்றே பெயர் சூட்டினார். படிக்கையில் நகைக்கிறோம், குடும்பம் சிதறும்போது, நகைத்த நாமும் அச்சபையில் அமர்ந்திருந்ததை உணர்கிறோம். களவுக்குத் தடயம் உண்டு. அபவாதத்திற்கோ கேட்ட செவிகள் அனைத்தும் உடந்தை.

அக்காலத்தே இப்புனே நகரில், 1890-இல் தோன்றிய ‘கரமணூக்’ வார இதழில், ஹரி நாராயண் ஆப்டே மராத்தியக் குடும்பங்களின் துயரங்களை நாவலாக வடித்துவந்தார். மொழி வேறாயினும், இல்லத்துக்குள் நிகழும் கொடுமையை ஊரறியச் செய்யும் துணிவு ஒன்றே.

அன்பர்களே! ஒன்றைச் சொல்லாமல் அமர மனம் வரவில்லை. பல்லாண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பில், பொதுப்பணம் குறித்து ஒரு வதந்தி எழுந்தது. கணக்குப் பார்த்தோம், காலணா குறையவில்லை. அதற்குள் அக்குடும்பம் எவரிடமும் விடைபெறாமல் ஊரைவிட்டே சென்றுவிட்டது. அவ்வதந்தியைக் கேட்டவர்களுள் நானும் ஒருவன். மறுத்து ஒரு சொல் கூறாதவர்களுள்ளும் நானே ஒருவன்.

ஊரைவிட்டு வந்த நமக்கு இக்குடியிருப்பே சிறுகுளம். தமிழெழுத்து அறியாது வளரும் நம் பிள்ளைகளுக்கு, இரவுதோறும் ஓர் அதிகாரமாக இந்நாவலைப் பெற்றோர் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டுகிறேன். அவர்கள் தமிழ் அறிவர். நாம் நம்மை அறிவோம்.