கோடைத் தோட்டமும் அண்டை வீட்டார் விருந்தும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



கோடை என்றவுடன் கிராமவாசியின் மனத்தில் முதலில் தோன்றுவது வறட்சியே. ஏரி வற்றுகிறது, கிணற்று நீர் கீழே போகிறது, அறுவடை முடிந்த வயல் வெடித்துக் கிடக்கிறது, வேலையற்ற கை திண்ணையில் சும்மா இருக்கிறது. ஆயினும், சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய பிரதேசங்களில் வாழும் குடும்பங்களுக்கு இந்தப் பருவமே இரண்டு நற்காரியங்களுக்கு ஏற்றது. கொல்லைப்புறத்தில் சிறிது காய்கறி பயிரிடுதல் ஒன்று. அதில் விளைந்ததைக்கொண்டு அண்டை வீட்டாரை அழைத்து ஒருவேளை உணவளித்தல் மற்றொன்று. இவ்விரண்டும் கூட்டுறவுச் சங்கத்தின் உயிருக்கு எவ்வளவு நெருங்கியவை என்பதை எடுத்துக் காட்டுவதே இப்பிரசங்கத்தின் நோக்கமாகும்.

ஊரின் பழம்பெருமை

பூவிருந்தவல்லி என்னும் பெயரிலேயே பூ இருக்கிறது. 11-ம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்த திருக்கச்சி நம்பிகள் நந்தவனம் வைத்து வளர்த்து, அதில் பூத்த மலர்களை மாலையாகக் கட்டிக் காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டுபோய்ச் சமர்ப்பித்து வந்தார் என்று வைணவப் பரம்பரை கூறுகிறது. காஞ்சியோ ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்திலுள்ளது. முதுமையில் அவருக்கு நடை தளர்ந்தபோது, பெருமாளே பூவிருந்தவல்லிக்கு எழுந்தருளிக் காட்சி தந்தார் என்பது இவ்வூர்க் கோயிலின் வரலாறு. தோட்டம் போட்டவனைத் தேடி விருந்தாளியே வந்து சேருகிறான் என்பது இக்கதையிலிருந்து எளிதில் விளங்கும் பொருள்.

அக்காலத்திற்கும் இக்காலத்திற்கும் இடையில் இப்பிரதேசம் வெகுவாக மாறிவிட்டது. 1960-ம் ஆண்டுகளில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் ஏற்பட்டன. நெல் விளைந்த நிலங்கள் பல வீட்டுமனைகளாயின. வேறு ஜில்லாக்களிலிருந்தும் வேறு ராஜ்யங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து குடியேறினர். இதனால் வருவாய் பெருகியது உண்மையே. ஆனால் சுவருக்கு அப்பால் வசிப்பவரின் பெயரே தெரியாத நிலைமையும் கூடவே வந்துவிட்டது. முன்னாளில் ஊரார் ஒருவரையொருவர் அறிந்திருப்பதற்குத் தனியாக ஒரு முயற்சியும் தேவைப்படவில்லை. இப்பொழுது அதற்கு முயற்சி அவசியமாகிறது.

நீரின் கணக்கு

தோட்டம் போட விரும்புவோர் நிலத்தை அளப்பதற்கு முன் நீரை அளக்க வேண்டும். ஒரு சென்ட் நிலம் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆழம் நீர் பாய்ச்ச வேண்டுமென்று வைத்துக்கொண்டால், ஒரு சென்டுக்கு 200 லிட்டர் தேவைப்படும். ஐந்து சென்ட் போட்டால் 1,000 லிட்டர். ஆகையால், ஆசை மிகுதியால் ஐந்து சென்டில் விதைத்துச் சித்திரையில் எல்லாவற்றையும் வாடவிடுவதைவிட, ஒரு சென்டில் விதைத்து முழுவதையும் காப்பாற்றுவதே புத்திசாலித்தனம்.

2019-ம் வருஷக் கோடையை இப்பக்கத்தார் மறந்திருக்க முடியாது. செம்பரம்பாக்கம், புழல், சோழவரம், பூண்டி ஆகிய நான்கு ஏரிகளும் வற்றிப்போயின. பட்டணவாசிகள் குடத்துடன் லாரிக்குக் காத்து நின்றனர். கிராமப்புறக் கிணறுகளின் நீர் லாரி லாரியாகப் பட்டணத்துக்குச் சென்றது. நீரை விற்றவரின் கையில் பணம் சேர்ந்தது. ஆனால் பூமிக்குக் கீழேயுள்ள நீருக்கு வேலி கிடையாது. ஒருவர் இறைத்தால் பக்கத்துக் கிணறும் தாழ்கிறது. ஆதலால் கோடைத் தோட்டக்காரர் ஒவ்வொருவரும் தம் அயலாரின் நீரையும் சேர்த்தே செலவிடுகிறார் என்பதை மறத்தலாகாது.

நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வழிகள் பல உண்டு. மாலையில் வெயில் தாழ்ந்தபின் பாய்ச்சுதல். செடிகளின் அடியில் வைக்கோலோ சருகோ பரப்பி மண்ணின் ஈரத்தைக் காத்தல். குளித்த நீரை வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பிவிடுதல். சோப்பு கலந்த நீரைக் கீரைப் பாத்திக்கு விடுதல் கூடாது.

இவற்றைவிடச் சிறந்தது பானைப் பாசனம். மெருகு பூசாத மண்பானையைக் கழுத்து மட்டும் மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவிட வேண்டும். பானையைச் சுற்றி நான்கு கொடி விதைகளை ஊன்றலாம். பானையின் மேனியிலுள்ள நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வேருக்கு மாத்திரம் செல்லும், வெயிலில் ஆவியாகிப் போகாது, களைக்கும் கிட்டாது. சீன தேசத்தில் கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டில் பான் ஷெங்ஜி என்பவர் எழுதிய வேளாண்மை நூலிலேயே இம்முறை சொல்லப்பட்டிருக்கிறது. அங்கும் பானையைச் சுற்றி நான்கு கொடிகள்தாம். இரண்டாயிரம் வருஷ அனுபவமுள்ள இம்முறைக்கு மின்சாரமும் வேண்டாம்; கடனும் வேண்டாம். மூடியை மாத்திரம் மறக்கலாகாது. திறந்து கிடக்கும் பானையில் கொசு பெருகும்.

விதைப்பும் பராமரிப்பும்

தை, மாசி மாதங்களில் வெள்ளரி, சுரை, பூசணி, பாகல், புடல் ஆகிய கொடிகளையும் வெண்டையையும் விதைக்கலாம். வெண்டையும் வெள்ளரியும் ஏறக்குறைய 45 நாட்களில் காய்க்கத் தொடங்கும். முளைக்கீரையை 25 நாட்களுக்குள் பிடுங்கிவிடலாம். அரைக்கீரையை அடியோடு பிடுங்காமல் அறுத்து விட்டால் மறுபடி துளிர்த்துப் பலமுறை பயன்தரும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாகிய பி.கே.எம்.1 என்னும் செடிமுருங்கை ஆறு மாதத்தில் பூத்துக் காய்க்கத் தொடங்கும். மாசி முதல் வாரத்தில் விதை ஊன்றியவர் சித்திரை பிறக்கும்போது இலையில் தம் தோட்டத்துக் காயைப் பரிமாறலாம்.

கோடையில் ஏரி வற்றுவதிலும் ஒரு லாபம் உண்டு. அதன் அடியில் படிந்துள்ள வண்டல் மண் உயர்ந்த எரு. உரிய அதிகாரிகளின் அனுமதி பெற்று அதை எடுத்துத் தொழுவுரத்துடன் கலந்து பாத்தியில் இட்டால் மண் வளம்பெறும், ஏரியும் ஆழப்படும். பூச்சி கண்டவிடத்தில் கடைமருந்தைத் தேடி ஓடவேண்டுவதில்லை. வேப்பங்கொட்டைப் பருப்பை 50 கிராம் இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டி மாலையில் தெளித்தால் பெரும்பான்மையான பூச்சிகள் அடங்கும். புழு விழுந்து உதிர்ந்த காய்களைப் பொறுக்கி அழித்துவிட வேண்டும். அவற்றைத் தோட்டத்திலேயே விட்டால் அடுத்த காய்ப்புக்கும் அதே கதி நேரும்.

விருந்தும் கடனும்

தோட்டத்தில் காய் விளைந்தது. அதை என் செய்வது? ஒரு குடும்பத்தின் தேவைக்கு மிஞ்சிய வெள்ளரியும் சுரையும் ஒரே வாரத்தில் வந்து குவிவது வழக்கம். சந்தைக்குக் கொண்டுபோகப் போதாது; வீட்டில் தின்று தீர்க்கவும் முடியாது. இத்தகைய சமயமே அண்டை வீட்டாரை அழைப்பதற்கு ஏற்ற சமயம்.

விருந்து என்றால் கடன் என்று பொருள்கொள்ளும் வழக்கம் கிராமங்களைக் கெடுத்த வழக்கங்களுள் ஒன்று. காதுகுத்துக்கும் கலியாணத்துக்கும் வட்டிக்கு வாங்கி ஊருக்குச் சோறு போட்டு, பிறகு நிலத்தை இழந்த குடும்பங்கள் அநேகம். சாப்பிட்டவர்கள் மறுநாளே மறந்துவிடுவார்கள், வட்டி மறப்பதில்லை. தோட்ட விருந்து இதற்கு நேர்மாறானது. கீரை மசியல், சுரைக்காய்க் கூட்டு, வெள்ளரிப் பச்சடி, முருங்கைக்காய்ச் சாம்பார், ஒரு செம்பு நீர்மோர். இவற்றுக்கு வெளியிலிருந்து வாங்க வேண்டியது அரிசியும் பருப்புமே. வேப்பமர நிழலில் பாயை விரித்தால் பந்தலும் வேண்டுவதில்லை. ஆடி மாதத்தில் இப்பக்கத்து அம்மன் கோயில்களில் ஊற்றும் கூழை ஊரார் யாவரும் வாங்கிக் குடிக்கிறார்கள்; அதை எளிய உணவென்று எவரும் இகழ்வதில்லை. அந்த மனப்பான்மையே வீட்டு விருந்துக்கும் வரவேண்டும்.

இங்கே ஆண்மக்களுக்கு ஒரு வார்த்தை அவசியம். விருந்துக்கு அழைக்கும் பெருமை அவர்களுக்கும், அடுப்படியில் வேகும் சிரமம் பெண்களுக்கும் ஆகிவிடலாகாது. நீர் இறைத்தல், காய் நறுக்குதல், இலை எடுத்தல் ஆகியவற்றில் ஆண்களும் பங்குகொள்ள வேண்டும். இல்லையேல் இரண்டாம் முறை அழைப்பதற்கு வீட்டில் சம்மதம் கிடைப்பது அரிது.

யாரை அழைப்பது?

இக்கேள்வியே எல்லாவற்றிலும் முக்கியமானது. உறவினரையும் சொந்த ஜாதியாரையும் அழைப்பது புதுமையன்று. அது நெடுநாளாக நடந்துவருவது. தெருவின் மறுகோடியில் இருப்பவர், சேரியிலிருந்து வந்து பக்கத்து மனையில் வீடு கட்டியவர், வெளிராஜ்யத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்து வாடகை அறையில் தங்கியிருப்பவர், இவர்களுக்கு அழைப்பு உண்டா என்பதே கேள்வி.

மேற்சொன்ன திருக்கச்சி நம்பிகளைப் பற்றியே குருபரம்பரை நூல்கள் மற்றொரு வரலாற்றையும் கூறுகின்றன. நம்பிகள் அந்தணரல்லர். ஆயினும் அவருடைய பக்தியைக் கண்டு ராமாநுஜர் அவரைக் குருவாகக் கொள்ள விரும்பி, காஞ்சியிலுள்ள தம் வீட்டுக்கு உணவருந்த அழைத்தார். அவரை எதிர்கொண்டு அழைத்துவர ராமாநுஜர் ஒரு வழியாகச் செல்ல, நம்பிகள் வேறொரு வழியாக வந்து, உணவருந்தி, கோயில் பணிக்கு நேரமாயிற்றென்று சென்றுவிட்டார். ராமாநுஜர் திரும்பி வந்து பார்த்தபோது, அவருடைய மனைவி மிஞ்சிய உணவைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு, நம்பிகள் அமர்ந்த இடத்தைக் கழுவி, குளித்து, புதிதாகச் சமைத்துக்கொண்டிருந்தார். அக்காலத்து வழக்கப்படி அந்த அம்மையார் செய்தது குற்றமாகக் கருதப்படவில்லை. ஆனால் ராமாநுஜரின் மனம் புண்பட்டது. சோறு போட்டாயிற்று, விருந்து நடக்கவில்லை.

அந்த இடத்தைக் கழுவிய நீர் இன்னும் பல வீடுகளில் காய்ந்தபாடில்லை. தனிக் குவளை, தனி இலை, திண்ணையோடு நிறுத்திப் பேசுதல் ஆகியவை முற்றிலும் ஒழிந்துவிட்டன என்று மனமறிந்து எவர் சொல்லக்கூடும்?

சங்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஜெர்மனியில் கிராமக் கூட்டுறவு நாணய சங்கங்களின் தந்தையாகிய ரைபீசன், கடன் கொடுப்பதிலிருந்து தொடங்கவில்லை. 1846-47-ம் வருஷத்துப் பஞ்சத்தில், வையர்புஷ் என்னும் ஊரின் நிர்வாகியாக இருந்த அவர், வசதியுள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு பொது அடுப்பு ஒன்று கட்டி, ரொட்டி சுட்டு, ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்தார். ஒரே அடுப்பு ரொட்டியை உண்டவர்களிடையே வளர்ந்த நம்பிக்கையிலிருந்தே அவருடைய பிற்கால முயற்சிகள் வளர்ந்தன. 1864-ல் ஹெடஸ்டார்ப் என்னுமிடத்தில் அவர் அமைத்த நாணய சங்கம் உலகுக்கெல்லாம் மாதிரியாயிற்று.

சென்னை மாகாண அரசாங்கம் அனுப்பியதன்பேரில் பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பிய முறைகளை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் தம் அறிக்கையை வெளியிட்டார். அதன்பின் 1904-ம் வருஷத்துச் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே, ஆவடிக்கு மேற்கே திருவள்ளூரை அடுத்த திரூரில் கிராம நாணய சங்கம் பதிவாயிற்று. இந்தியாவின் முதல் விவசாயக் கூட்டுறவு நாணய சங்கம் என்னும் கீர்த்தி அதற்கு உரியது. அப்பெருமை இப்பிரதேசத்தாருடையது.

ஆரம்ப காலத்துக் கிராம சங்கங்கள் வரையறையற்ற பொறுப்பின்மேல் அமைந்தவை. ஒருவர் கடனைச் செலுத்தாவிடில் மற்றவர் அனைவரும் தம் சொத்துக் கொண்டு ஈடுசெய்ய வேண்டும். பிற்காலத்தில் வரையறுத்த பொறுப்பு வந்துவிட்டபோதிலும், நபர் ஜாமீனும் கூட்டுப் பொறுப்புக் குழுக் கடனும் இன்றும் உள்ளன. ஒருவருக்காக ஜாமீன் கையெழுத்திடுபவர் அவருடைய குணத்தையும் உழைப்பையும் அறிந்திருக்க வேண்டாமா? அதைக் கணக்குப் புத்தகம் காட்டாது, தோட்டம் காட்டும். பாத்தியைக் களையின்றி வைத்திருப்பவர், கிணற்று நீரைப் பங்கிட்டுக் கொடுப்பவர், வந்தவரைப் பேதமின்றி உட்காரவைப்பவர் யார் என்பதை ஒரு விருந்தில் அறிந்துகொள்ளலாம். ஒரே பந்தியில் உட்கார மறுப்பவர்கள் ஒரே கடன்பத்திரத்தில் கையெழுத்திட்டால் அந்தச் சங்கம் எத்தனை நாள் நிற்கும்?

செய்யத்தக்கவை

ஒவ்வொரு சங்கமும் தை மாதத்திலேயே அங்கத்தினருக்கு வேண்டிய விதைகளை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குப் பங்கிடலாம். மண்பானைகளைக் குயவரிடம் சேர்ந்து வாங்கினால் விலை குறையும், கைத்தொழிலும் பிழைக்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் ஞாயிறுதோறும் ஒரு வீட்டுத் தோட்டமென்று முறைவைத்து, அத்தெருவார் அனைவரும் கூடி உண்ணலாம். அழைப்பில் எந்த வீடும் விடுபடாதபடி பஞ்சாயத்தார் பார்த்துக்கொள்ள வேண்டும். விருந்துக்காக எவரும் கடன் வாங்கலாகாது என்பதைச் சங்கமே ஒரு தீர்மானமாக ஏற்றுக்கொள்ளலாம்.

அன்பர்களே! பூவிருந்தவல்லித் தோட்டக்காரர் ஒருவர் பூக்கூடையுடன் காஞ்சிக்கு நடந்த வழி இன்று பெரிய ராஜபாட்டையாகிவிட்டது. இரவு பகலாக வண்டிகள் ஓடுகின்றன. அடுத்த வீட்டுக்குச் செல்லும் வழியோ சில அடி தூரமே. அதை நடந்து கடப்பதற்கு இக்கோடையில் ஒரு கூடை வெண்டைக்காயும் ஒரு நல்ல சொல்லும் போதுமானவை. அவ்வழியை நடப்பவர்கள் பெருகுவார்களாயின், சங்கத்தின் பாக்கிப் பட்டியல் தானே சுருங்கும், ஊரும் ஊராகும்.