எந்த மாதத்துக் காய்?

(பெண்ணாடம் வட்டாரத் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘இளவேனிற் காலத்தில் இயற்கை முறைக் காய்கனிகளின் வரத்து’ என்ற தலைப்பில் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் வேளாண்மை படித்தவள் அல்ல, அறிவியல் ஆசிரியை. பள்ளித் தோட்டத்தையும் சுற்றுச்சூழல் மன்றத்தையும் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். ஒரு காயைப் பார்த்ததும், ‘இது இயற்கையாக விளைந்ததா?’ என்று கேட்கக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘இது எந்த மாதத்துக் காய்?’

முதலில் இளவேனில் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தது தமிழ் இலக்கணம். அதில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். மாசியும் பங்குனியும் பின்பனி. ஆங்கிலப் பாட்டுப் புத்தகங்களில் வரும் ‘ஸ்பிரிங்’ ஏறத்தாழ மார்ச் முதல் மே வரை. இரண்டும் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, ஆனால் ஒன்றல்ல. பனி உருகி மண் விழிக்கும் காலம் அவர்களுடையது. வெள்ளாறு மணலாகி, ஏரி அடிமட்டத்துக்கு இறங்கும் காலம் நம்முடையது.

இன்னொரு செய்தி. வசந்தம் என்றாலே எல்லாம் நிறைந்து கிடக்கும் என்று நினைக்கிறோம். இங்கிலாந்தில் ஏப்ரல், மே மாதங்கள்தாம் உள்ளூர்க் காய்கறிக்குப் பஞ்சமான காலம். குளிர்காலத்துக்குச் சேமித்த கிழங்கும் கோசும் தீர்ந்திருக்கும். புதிதாக விதைத்தது இன்னும் விளைந்திருக்காது. அந்த இடைவெளிக்கு அங்குள்ள தோட்டக்காரர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆக, எந்தப் பருவத்தில் எது கிடைக்கும் என்பதை ஊரை விட்டுப் பிரித்துச் சொல்ல முடியாது.

நம் ஊரில் என்ன நடக்கிறது? தை வரை அவரையும் மொச்சையும் காய்க்கும். பகல் பொழுது குறைவாக இருக்கும்போது பூப்பவை அவை. மாசியில் மாவடு வரும், புளி உலுக்குவார்கள். பங்குனியில் வரப்போரக் கீரைகள் காய்ந்துவிடும். முருங்கை மட்டும் கைவிடாது. மார்ச் முதல் ஜூன் வரை முருங்கைக்காய்க்குப் பெரிய பருவம். அதே பங்குனியில் விருத்தாசலம், பண்ணுருட்டிப் பக்கத்துச் செம்மண் கொல்லைகளில் முந்திரி பழுக்கும். வேம்பு பூக்கும். திண்டிவனம் பக்கத்திலிருந்து தர்பூசணி வண்டி வண்டியாக வந்து இறங்கும். வெள்ளரிப்பிஞ்சும் நுங்கும் சாலையோரத்துக்கு வரும். சித்திரை, வைகாசியில் பலாவும் மாவும். தைப்பட்டத்தில் ஊன்றிய பூசணி, பீர்க்கு, புடல், பாகல், கொத்தவரை எல்லாம் காய்ப்பதும் இந்த மாதங்களில்தான். கீரைக்கு வறட்சி, பழத்துக்குச் செழிப்பு. இதுதான் நம் இளவேனில்.

இதை நம் பிள்ளைகள் அறிவார்களா? ஆறாம் வகுப்பில் ஒருமுறை, கோடையில் கிடைக்கும் காய்கனிகளை எழுதச் சொன்னேன். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், ஆப்பிள் என்று ஒரு மாணவி வரிசையாக எழுதியிருந்தாள். அவளுடைய அம்மா பேருந்து நிலையத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்பவர். “உங்க வீட்டுல இப்ப என்ன வியாபாரம்மா?” என்று கேட்டேன். “வெள்ளரிப்பிஞ்சு டீச்சர். அது சார்ட்டுல இல்லையே, அதான் எழுதல” என்றாள். அவளுக்கு விடை தெரியும். அது விடையாகும் என்பதுதான் தெரியவில்லை. நம் சுவரில் தொங்கும் படம், அவள் வீட்டு உழைப்பைப் பாடத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தது. இந்த உரையில் நான் பேச விரும்புவது பெரிதும் அவளைப் போன்ற குழந்தைகளுக்காகத்தான்.

சரி, பருவத்துக்கும் இயற்கை வேளாண்மைக்கும் என்ன தொடர்பு? ஒரு பயிரை அதற்குரிய பட்டத்தில் விதைத்தால் வெயிலும் காற்றும் ஈரமும் பாதி வேலையைச் செய்துவிடும். பட்டம் தவறினால் அந்தப் பாதியை மருந்துக் கடையிலிருந்துதான் வாங்க வேண்டும். வெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் வெள்ளை ஈ பெருகும். அது பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் அப்போது கடுமையாக இருக்கும். கொத்தவரை அதே வெயிலைத் தாங்கி நிற்கும். மருந்து தெளிக்காமல் பங்குனியில் காய் வேண்டும் என்றால், கொத்தவரையை நம்புவது எளிது. மலைக் குளிரில் விளையும் காலிபிளவரைச் சித்திரையில் சமவெளியில் இயற்கை முறையில் கேட்டால், விளைவிப்பவர் என்ன செய்வார்? ஆண்டு முழுவதும் எல்லாக் காயும் வேண்டும் என்று நாம் பிடிக்கும் அடமும் பூச்சிமருந்துக்கு ஒரு காரணம்.

மாம்பழம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பருவம் தொடங்கும் முன்பே கடையில் மஞ்சளாகச் சிரிக்கும் பழம் எப்படி வந்தது? முற்றாத காயைப் பறித்துக் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்ததாக இருக்கலாம். கால்சியம் கார்பைடு ஈரத்தோடு சேர்ந்தால் அசிட்டிலீன் வாயு வெளிவரும். அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்க வாய்ப்புண்டு. அதனால்தான் 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் அதைத் தடைசெய்துள்ளன. எத்திலீன் வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குள், அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு வரை, பயன்படுத்த அனுமதி உண்டு. பழம் தானாகவே வெளிவிடும் வாயுவும் எத்திலீன்தான். பத்தாம் வகுப்பில் தாவர ஹார்மோன்கள் பாடம் நடத்தும்போது முற்றிய மாங்காய் நான்கை வைக்கோலில் மூடியும், நான்கைத் திறந்த தட்டிலும் வைத்து நாள்தோறும் குறிப்பெழுதச் சொல்லுங்கள். பாடம் மறக்காது. பங்குனியில் பழுத்த மாம்பழத்தைப் பார்த்தால், ‘இது இதன் மாதமா?’ என்று அந்தப் பிள்ளை கேட்கும்.

அந்தக் கேள்வி உண்பவருக்கு மட்டும் காவல் அல்ல; விளைவிப்பவருக்கும் காவல். 2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவியது நினைவிருக்கும். வாங்குவோர் ஒதுங்கினார்கள், விலை சரிந்தது, பழம் கொல்லையிலேயே கிடந்தது. நட்டப்பட்டவர்களின் பிள்ளைகள் நம்மைப் போன்றோரின் வகுப்பறைகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். மார்கழி, தையில் விதைத்த தர்பூசணி பங்குனியில் தானாகவே சிவக்கும் என்பதை அறிந்த வீடு எளிதில் பதறாது. சந்தேகம் வந்தால், நறுக்கிய துண்டின்மேல் வெள்ளைப் பஞ்சை மெல்லத் தேய்த்துப் பார்க்கலாம். சாயம் இருந்தால் பஞ்சு சிவக்கும். வதந்தியைச் சோதனையால் எதிர்கொள்வதும் அறிவியல் பாடம்தானே?

அடுத்து வரத்து பற்றி. காய்கறி சில மாதப் பயிர். பழம் பல ஆண்டு மரம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. நம் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. விதைபோட்டு வளர்த்த பலா காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அன்று ஒன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை எட்டாம் வகுப்புக்கு வந்தபோதுதான், புயலுக்குப் பின் ஊன்றிய மரம் முதல் காயைக் காட்டியிருக்கும். ஒட்டுக்கன்றாக இருந்தால் சில ஆண்டுகள் முந்தலாம். 2025இல் பண்ணுருட்டிப் பலாவுக்கும் முந்திரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமைக்குப் பின்னால் மறுபடி நட்டவர்களின் காத்திருப்பு இருக்கிறது. கணக்குப் பாடத்திலும் சமூக அறிவியலிலும் இதைச் சொல்லலாம்.

வரத்தில் இன்னொரு சிக்கல், எல்லாம் ஒரே நேரத்தில் பழுப்பது. சித்திரை, வைகாசியில் பலாவும் மாவும் குவியும்போது விலை இறங்கும். முந்திரிக் கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறோம். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ள பழம் அது. தொண்டையைக் கரகரக்கும் என்பதாலும் ஒரு நாள்கூடத் தாங்காது என்பதாலும் சந்தைக்கு வருவதில்லை. நம் பாட்டிமார் இந்தக் குவியலுக்கு வழி வைத்திருந்தார்கள்: மாவடு, மாங்காய் வற்றல், கொத்தவரை வற்றல், மோர்மிளகாய், பலாக்கொட்டையை மண்ணில் புதைத்து வைத்தல். கோடை வெயில்தான் அவர்களுடைய குளிர்சாதனக் கிடங்கு. ஆடியில் காய் குறையும்போது பானையிலிருந்து வற்றல் வெளியே வரும்.

சான்றிதழ் பற்றியும் இரண்டு வார்த்தை. இயற்கை வேளாண்மைச் சான்று பெற, பொதுவாகப் பருவப் பயிர் நிலத்துக்கு 2 ஆண்டுகளும் மரப் பயிருக்கு 3 ஆண்டுகளும் மாற்றக் காலம் உண்டு. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை சான்று வழங்குகிறது. 2023இல் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையையும் வெளியிட்டது. கடையில் பொட்டலமாக வாங்கினால் இயற்கை விளைபொருளுக்கான முத்திரையைப் பார்க்கலாம். ஆனால் தன் கொல்லையில் விளைந்ததை நேரே நமக்கு விற்கும் சிறு விவசாயிக்கு அந்த முத்திரை கட்டாயமில்லை. அவரிடம் பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என்ன உரம் போட்டார், எப்போது விதைத்தார், பூச்சிக்கு என்ன செய்தார்? இந்த மூன்று கேள்விகளோடு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உழவர் சந்தைக்கு அழைத்துச் சென்றால், அது ஒரு நல்ல களப் பயணம்.

இனி நம் பள்ளிக்கு வருவோம். 2019இல் ஒன்றிய அரசு பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்ட பிறகு, பல பள்ளிகளில் தோட்டம் தொடங்கினார்கள். ஜூனில் ஆர்வமாகத் தொடங்கி, மே விடுமுறையில் காய்ந்துபோகும் தோட்டங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காரணம் ஆர்வக்குறைவு அல்ல. பள்ளி நாட்காட்டிக்கும் மண்ணின் நாட்காட்டிக்கும் பொருத்தம் பார்க்காததுதான். என் யோசனைகள் இவை:

ஒன்று, ஆடிப்பட்டத்தில் வெண்டை, அவரை, கத்தரி. பொங்கல் வரை பறிக்கலாம். கத்தரிக்கும் பலாவுக்கும் நம் மாவட்டத்துப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையமே இரகங்கள் வெளியிட்டிருக்கிறது.

இரண்டு, தை பிறந்ததும் கொத்தவரை, பூசணி, வெள்ளரி. ஏப்ரல் தேர்வுக்குள் பெரும்பகுதி பறித்துவிடலாம். அந்தக் காய் காலை உணவின் சாம்பாருக்கும் மதிய உணவுக்கும் போகட்டும். தண்டுக்கீரை ஒரு மாதத்தில் கைக்கு வரும். கைகழுவும் தண்ணீர் பாயும் பாத்தியில் போடுங்கள்.

மூன்று, விடுமுறையைத் தாங்குவது மரம்தான். வேலியோரம் நான்கு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இடமிருந்தால் ஒரு பலா. ஆனி, ஆடியில் உதிரும் வேப்பங்கொட்டையைப் பிள்ளைகளைக் கொண்டு பொறுக்கிக் காயவைத்தால், அடுத்த பட்டத்துக்குப் பூச்சிவிரட்டி கையில் இருக்கும். பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் வீதம் இரவு ஊறவைத்து வடிகட்டினால் 5 சதவீதக் கரைசல்.

நான்கு, இதுதான் முக்கியம். வகுப்புக்கு ஒரு ஊர் நாட்காட்டி. பன்னிரண்டு தமிழ் மாதங்களுக்குப் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மாதம் தன் வீட்டில், கொல்லையில், தெருவில் பார்த்த காய், பழம், கீரையை மட்டும் பிள்ளைகள் எழுத வேண்டும். விலையையும் பக்கத்தில் குறிக்கட்டும். மகிழ் முற்றம் குழுக்களுக்கு மாதத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். குறிஞ்சி, முல்லை என்று பெயர் சூட்டிய குழுக்கள் உண்மையாகவே நிலத்தையும் பொழுதையும் பார்த்த மாதிரி இருக்கும். சிறு வகுப்புகளில் படம் வரைந்தால் போதும். பெரிய வகுப்புகளில் விலை ஏற்ற இறக்கத்தை வரைபடமாக்கலாம். வரத்து கூடினால் விலை குறையும் என்பதைப் புத்தகம் சொல்வதற்கு முன் கோடு சொல்லிவிடும்.

அந்த நாட்காட்டியின் பங்குனிக் கட்டத்தில் ‘வெள்ளரிப்பிஞ்சு’ என்று எழுதப் போகும் குழந்தை யார் என்று உங்கள் வகுப்பில் தேடிப் பாருங்கள். முந்திரி பொறுக்கப் போகும் வீடு, பலா ஏற்றும் வீடு, கீரைக்கட்டு விற்கும் வீடு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குழந்தை நிபுணராக எழுந்து நிற்கும். தேர்வில் பின்தங்கும் பிள்ளைகள் பலர் இதில் முன்னால் வருவார்கள்.

வருகிற தையில் விதைப்பதற்கு முன்பே இந்தக் கட்டங்களை வரைந்து வைத்துவிடுங்கள். அடுத்த குறுவளக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பள்ளியின் நாட்காட்டியைக் கொண்டுவந்தால், நம் வட்டாரத்துக்கே ஒரு முழு நாட்காட்டி உருவாகிவிடும்.