மூடி மறைத்த பாவம் யாருடையது?

(இளைஞர்களும் வியாபாரிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

  

இன்று தக்பீர் முழக்கத்துக்கு இடமில்லாத ஒன்றைப் பேச வந்திருக்கிறேன். நம் பிள்ளைகளைப் பற்றி. என் இளமைக் காலத்தைப் பற்றி.

அயர்லாந்து நாட்டில் ஏழைப் பிள்ளைகளையும் அநாதைகளையும் கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்திய விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். அங்கே பல்லாண்டு காலம் நடந்ததை விசாரிக்க 2000-ஆம் ஆண்டு ஆணையம் அமைக்கப்பட்டது. 2009 மே மாதம் அறிக்கை வந்தது. அடி, பட்டினி, அவமானம். சிறுவர்களின் விடுதிகளில் பாலியல் கொடுமை வேரோடிப் போயிருந்தது. குற்றம் செய்தவர்களை என்ன செய்தார்கள்? போலீசில் ஒப்படைத்தார்களா? இல்லை. பலரை வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றினார்கள்! கண்காணிக்க வேண்டிய கல்வித்துறை, சபைகளுக்கு முன் பணிந்து நின்றது.

'பாதிரிமார்கள் கதைதானே' என்று ஏளனம் செய்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை ராயல் கமிஷன் விசாரித்தது. திருச்சபைகள் மட்டுமா கூண்டில் ஏறின? யூதர்களின் வேதப் பள்ளிகள், ஒரு யோகா ஆசிரமம், அரசு இல்லங்கள், விளையாட்டுச் சங்கங்கள் எல்லாம் ஏறின. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தனியறையில் தம் கதையைச் சொன்னார்கள். அவர்கள் முதன்முதலாக வாய் திறக்கச் சராசரியாக ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. யூதப் பள்ளி விவகாரத்தில், நம்மவரை வெளியாரிடம் காட்டிக் கொடுக்கலாகாது என்ற பழைய விதியைச் சொல்லி, புகார் கொடுத்தவர்களை ஒதுக்கி வைத்தார்கள்.

இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டதுபோல் இல்லையா, சகோதரர்களே? நான் கேட்டிருக்கிறேன். நானே பேசியும் இருக்கிறேன்.

எனக்கு அப்போது 11 வயது. மத்ரஸா விடுதியில் ஓதிக் கொண்டிருந்தேன். என் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவனை ஒரு ஹஜ்ரத் இரவில் தம் அறைக்கு அழைப்பார். திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக் கொள்வான். காலையில் பாடம் வராது. அதற்கும் பிரம்படி அவனுக்குத்தான். ஒரு நாள் அவன் அத்தா வந்து என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, என் மவன் ஏன் ஓத மாட்டேங்கிறான்?" என்று கேட்டார். "அவன் சோம்பேறி மாமா" என்றேன். எனக்குப் பயம்.

அந்தப் பதினொரு வயதுச் சிறுவன் மீது எனக்குக் கோபமில்லை. பயந்த பிள்ளையிடம் அல்லாஹ் கணக்குக் கேட்கமாட்டான் என்று நம்புகிறேன்.

ஆனால் எனக்கு 27 வயதானபோது நான் ஓர் ஊரில் இமாம். மத்ரஸா கமிட்டியிலும் உட்கார்ந்திருந்தேன். ஒரு தாய் அழுதுகொண்டே ஓர் உஸ்தாத் மீது புகார் சொன்னார். "வெளியே தெரிந்தால் சமுதாயத்துக்குக் கெட்ட பெயர்; நம் எதிரிகளுக்கு நாமே தீனி போடலாமா?" என்று எழுந்து பேசியவன் நான்தான். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற ஹதீஸையும் எடுத்து வைத்தேன். உஸ்தாதுக்குச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பி வைத்தோம். அவர் வேறு ஊர் மத்ரஸாவில் போய்ச் சேர்ந்தார். அங்கும் பிள்ளைகள் இருந்தார்களே!

அயர்லாந்தில் செய்ததற்கும் நாங்கள் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? சிந்தியுங்கள்!

அந்த ஹதீஸ், ஒருவன் தனக்கும் ரப்புக்கும் இடையில் செய்த தவறை ஊரில் பரப்பாதே என்பதற்கு. ஒரு குழந்தைக்கு இழைத்த அநீதியைப் பூட்டி வைப்பதற்கல்ல. உங்களுக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்று சூரா நிஸா கட்டளையிடுகிறதே, அதை ஏன் நான் ஓதவில்லை? அனஸ் (ரலி) சிறுவராக நபிகளாரின் வீட்டுக்கு வந்து பத்தாண்டுகள் பணி செய்தார். ஒருமுறைகூட 'சீ' என்ற சொல்லை அவர் கேட்டதில்லை. அந்த நபியின் வாரிசுகள் என்று சொல்லிக் கொள்ளும் எங்கள் கையில் பிரம்பு!

சென்ற ஆண்டு அந்தப் பாய்த் தோழரைத் தேடிப் போனேன். சிறு கடை வைத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். தேநீர் கொடுத்தார், மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "இப்ப ஓதுற பிள்ளைங்களுக்கு என்ன செய்யப் போறீங்க ஹஜ்ரத்?" என்று கேட்டார். அதனால்தான் இந்தப் பேச்சு.

வியாபாரிகளே! ஒரு மூட்டை அரிசி குறைந்தால் கிடங்கைத் திறந்து எண்ணுகிறீர்கள். ஜகாத்தும் சதக்காவும் கொடுக்கும் விடுதியில் பிள்ளைகள் எங்கே தூங்குகிறார்கள், இரவில் உடனிருப்பவர் யார், புதிய உஸ்தாத் பழைய இடத்தை விட்டு ஏன் வந்தார் என்று என்றைக்காவது கேட்டீர்களா?

இளைஞர்களே! 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை. தமக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்கில்லை. குழந்தைகள் உதவி எண் 1098. இதை ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் பிள்ளைகளின் கண்மட்டத்தில் எழுதி வையுங்கள்.

பிள்ளை வாய் திறந்தால் அடிக்காதீர்கள், நம்புங்கள். சமுதாயத்தின் மானம் அந்தப் பிள்ளையின் கண்ணீரில் இருக்கிறது. மத்ரஸாவின் பெயர்ப்பலகையில் இல்லை.

அடியானின் உரிமையைப் பறித்த பாவம் வெறும் இஸ்திஃபாரால் தீராது. உரியவரிடம் போய் நிற்க வேண்டும். நான் போய் நின்றேன். போக வேண்டிய வீடுகள் இன்னும் இருக்கின்றன. உங்களுக்கும் அப்படி ஒரு வீடு இருந்தால், இன்றே புறப்படுங்கள். வஸ்ஸலாம்.